சித்தப்பாவின் கையுறை

என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழைகளும் இருக்கும். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு லண்டனுக்கு வந்தும் ஏறவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. இன்று சித்தப்பா செத்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சாப்பாட்டில், "கையுறைக்கு எண்ணெய் பூசின பெடியன் இவன்தான்" என்று என்னைக் காட்டிச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

சித்தப்பா அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடினார். வைட் ரிசீவர் என்பார்கள். எல்லோரையும் முந்தி ஓடி, பின்னாலிருந்து எறியும் பந்தைக் கையில் ஏந்த வேண்டும். வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஞாயிறானால் பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கத்து மைதானத்துக்குப் போய்விடுவார். அப்பா நடத்திய பெற்றோல் நிலையத்தில் ஞாயிறு ஷிப்டுக்கு ஆள் கிடைப்பதில்லை.

"தலையில சட்டியைக் கவிட்டுக்கொண்டு ஓடுறதும் ஒரு விளையாட்டோ?" என்று அப்பா ஹெல்மெட்டைக் காட்டிக் கேட்பார்.

"சட்டி இல்லாட்டி மண்டை உடையும், அண்ணை."

எனக்குப் பதினொரு வயதான அந்த மாசியில், ஜெர்மனிக் குழு ஒன்றின் பயிற்சியாளர் சித்தப்பாவின் ஆட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துக்கொண்டால் சம்பளத்தோடு அங்கே விளையாடலாம். ஆட்டத்துக்கு முதல் நாள் சனி, எங்கள் எண்ணெய் முழுக்கு நாள். உறைந்த தேங்காய் எண்ணெயை அம்மா ஹீட்டரின் மேல் வைத்து உருக்கியிருந்தார். தலைக்கு வைத்துக்கொண்ட அப்பா, சித்தப்பாவின் கையுறைகளை என் மடியில் போட்டார்.

"தோல் காய்ஞ்சு போச்சு. நல்லாப் பூசிவிடு. சித்தப்பா சந்தோசப்படுவார்."

விரல் விரலாகப் பூசினேன். உள்ளங்கைப் பக்கம் பிசுபிசுத்தது. பந்தைப் பிடிப்பதற்கென்றே வைத்த பிசுக்கு அது. நான் அழுக்கென்று நினைத்து, அது போகும்வரை தேய்த்தேன்.

மறுநாள் குளிரில் எண்ணெய் தோலுக்குள் உறைந்து கிடந்தது, சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. ஓடி ஓடிக் கை சூடேறியபோது உருகியது. மூன்று பந்துகள் அவர் கைக்குள் வந்தன. மூன்றும் வழுக்கி விழுந்தன. ஜெர்மன்காரர் இடைவேளையிலேயே எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்து சித்தப்பா கையுறையை முகர்ந்து பார்த்தார்.

"ஆர் இதுக்கு எண்ணெய் பூசினது?"

நான் வாய் திறக்கும் முன் அப்பா என் தலையைத் தடவினார். "சின்னப்பிள்ளை. ஆசையில தெரியாமல் செய்திட்டான். விடு, தம்பி."

அப்பா என்னை அடியிலிருந்து காப்பாற்றுகிறார் என்று நம்பி, அவர் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. சித்தப்பா என்னை ஒரு சொல் ஏசவில்லை. அடுத்த ஞாயிறே ஷிப்டுக்குப் போனார். சாகும்வரை அந்தக் கவுண்டரில்தான் நின்றார்.

தோலுக்கு எண்ணெய் நல்லதென்று அப்பாவும் அறியாமல் நினைத்திருப்பார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். எண்ணெய் வைத்த கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவாமல் அவர் கார் ஓட்டியதே இல்லை. ஸ்டியரிங் வழுக்குமாம். அந்தச் சனியும் கழுவிவிட்டுத்தான் சாவியை எடுத்தார். துவாயை நீட்டியது நான்தான்.

2024 நவம்பர் 17, ஞாயிறு.