அப்பா எடுத்த நீலம்

அப்பாவின் காரில் பெயின்ட் பெயர்ந்ததெல்லாம் இடது பக்கம்தான். பம்பர் முனை, முன்கதவு, பின்சக்கரத்துக்கு மேலே என்று அங்கங்கே பொட்டுப் பொட்டாகத் தகரம் தெரியும். வலது பக்கத்தில் ஒரு கீறல்கூட இருக்காது.

எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் போனதிலிருந்து அப்பா விடிந்ததும் காரிலேயே கிரிவலம் போய்வருவார். சுற்றும்போது மலை வலது கைப்பக்கம்தானே இருக்கும்? "சாமியைப் பாத்துக்கினே ஓட்டுனா வண்டி இடிக்காம என்னப்பா பண்ணும்?" என்று கிண்டல் செய்வேன். அவரும் சிரித்துக்கொள்வார்.

சென்னையில் இருக்கும் தம்பிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மலையோரம் சித்தர்கள் நடக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு, ஜனங்கள் இடது ஓரமாகத்தான் நடப்பார்கள். "அடுத்த வாட்டி நான் வர்றப்ப இன்னொரு அடி பட்டிருந்தா சாவியை வாங்கிடுவேன்கா" என்று போன தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதற்குப் பிறகு இரண்டு அடி பட்டாயிற்று. தீபத்துக்கு வரப்போகிறான். கிரிவலத்தை விட்டால் அப்பாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. அவன் வருவதற்குள் எல்லாவற்றையும் பெயின்ட் வைத்து மறைத்துவிடலாம் என்ற அபார யோசனை என்னுடையதுதான்.

கதவுக்குள் ஒட்டியிருந்த கலர் நம்பர் ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தது. பெயின்ட் கடை பாய் ஒரு அட்டையில் மூன்று நீலத்தைத் தீற்றிக்கொண்டு கார் பக்கத்துக்கே வந்தார்.

"வெயில்ல கலர் வெளுத்திருக்குது சார். வச்சுப் பாத்து எடுத்துக்கங்க."

முதலாவது அப்படியே பொருந்தியது. இரண்டாவது கொஞ்சம் ஜாஸ்தி அழுத்தம். மூன்றாவது நீலமே இல்லை, பச்சை கலந்த சாம்பல். அப்பா மூன்றாவதில் விரலை வைத்தார்.

"அச்சு அசல் இதுதான்."

பாய் என்னைப் பார்த்தார். "அப்பா, இன்னொரு வாட்டி பாருங்களேன்" என்றேன்.

"டெய்லி தொடைக்கிறவன் நானு. என் வண்டி கலரு எனக்குத் தெரியாதா?"

அவர் பிடிவாதக்காரர்தான். ஆனால் அது பிடிவாதம் இல்லை. அவ்வளவு நிம்மதியாக, சந்தேகமே இல்லாமல் சொன்னார். கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று எனக்குப் புரிந்துவிட்டது. கடைக்காரர் முன்னால் அவரைச் சிறுமைப்படுத்த வேண்டாம் என்று, "அதையே குடுங்க பாய்" என்றேன்.

சாயந்திரம் குட்டிப் பிரஷ்ஷால் அவரே ஒவ்வொன்றாகப் பூசினார். முன்பு அடிபட்ட இடங்கள் கிட்டே போனால்தான் தெரியும். இப்போது காருக்கு அம்மை போட்டது போல் இருந்தது. இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்து, "தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா" என்றேன்.

தீபத்துக்கு வந்த தம்பி காரைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். கத்துவான் என்று பயந்திருந்தேன். "யாருக்கா இந்தக் கலரை எடுத்தது?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன். தீபம் முடிந்த மறுநாளே அப்பாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போனோம். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறதாம். நிறம் மங்கியதும் அதனால்தானாம். இடது பக்கத்துப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. போனது திரும்பாது என்றார் டாக்டர்.

அத்தனை காலமும் பக்தி என்று சிரித்துக்கொண்டிருந்தோம். அதையாவது தெரியாமல் செய்தோம். கடையில் தலையாட்டிவிட்டு வந்ததை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

திரும்பும்போது தம்பிதான் ஓட்டினான். அப்பா பக்கத்து சீட்டில் இருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் திரும்பாமலே கேட்டார்.

"கடையிலயே உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சுதுப்பா."

"அதுக்கப்புறமும் நான் டெய்லி வண்டி எடுத்துக்கினு போனேனேம்மா. அந்தப் பக்கந்தானே எல்லாரும் நடக்கிறாங்க."