எகிறாத குண்டு

கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறையிலிருந்து துரத்தப்பட்டு நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு ஷெட்டுக்குள், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியோடு ஒருவர் குண்டை அடித்து விளையாடும் பின்பால் மெஷினைத் திறந்துவைத்திருந்தார். வாயில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ. பேச மட்டும் அதை எடுப்பார். எஃகுக் குண்டு எகிறி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டு உடைந்திருந்தது.

“மாத்தோணுங்களா?” என்றேன்.

“மாத்தறதுக்கு இந்த ஒரு பிளாஸ்டிக்தானுங்க மிச்சம். இதும் ஒடஞ்சா மெஷின் காயலான் கடைக்குத்தான்,” என்றவர், குண்டு மோதும் தகட்டை இடுக்கியால் துளி முன்னால் வளைத்தார். “இது பின்னால சாஞ்சிருந்தா குண்டு மேல ஏறிப்போடும். குண்ட ஓங்கி அடிச்சுப் பாக்கோணும், எனக்குக் கை வராதுங்க. நீங்க எதையாச்சும் ஒடச்சிருக்கீங்களா?”

“அதுக்குத்தானுங்க பட்டறைல தொரத்துனாங்க.”

“அப்ப காலைல வந்துருங்க.”

மிச்சமிருந்த ஒன்றையும் எப்படி என்னை நம்பி மாட்டினாரோ, இன்றும் புரியவில்லை. மறுநாள் காலை அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்க, ஓங்கி ஓங்கி அடிப்பதே எனக்கு வேலை. குண்டு எகிறவில்லை.