தலை நிற்காத பரங்கிக் கன்றுகள்

பிரசவத்துக்கு ஆலங்காயத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி, பரங்கி விதை கொடுத்தனுப்பினாள். "நான் வர்றதுக்குள்ள முளைக்க வைங்க" என்று போனில் உத்தரவு.

வெளியே போட்டால் கோழி கிளறிவிடும். அதனால் பால் கவர்களில் ஊன்றி, வீட்டுக்குள் வைத்து, கோழிக்கூடையால் மூடினேன். கோழிகள் வெளியே, கன்றுகள் கூடைக்குள்!

வெளிச்சம் தேடி அவை வெளுத்துப்போய் நூல் மாதிரி நெடுநெடுவென வளர்ந்துவிட்டன. அவள் வருவதற்கு முந்தின நாள் அவசரமாகத் தோட்டத்தில் நட்டு, ஒவ்வொன்றையும் குச்சியில் கட்டினேன். எங்கள் ஊர் மலைக்காற்று ஒரே மாலையில் எல்லாவற்றையும் சாய்த்துப் போட்டது.

மறுநாள் ஷேர் ஜீப்பில் மகனோடு வந்திறங்கியவள் தோட்டத்தைப் பார்த்தாள். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

"இன்னாங்க இது, தரையில படர்ற கொடிக்குக் குச்சியா? தண்டு ஒடியல பாருங்க. படுக்க வெச்சி, இலை வரைக்கும் மண்ணு அணைச்சா அதுவா தலைய தூக்கும். புள்ளய புடிங்க, நானே செய்றேன்."

"வேணாம், மண்ணு நான் அணைக்கிறேன்" என்று அவசரமாகக் குனிந்துகொண்டேன். கழுத்து நிற்காத பிள்ளையைத் தொடவே எனக்குப் பயம். அதுவரை ஒருமுறைகூட அவனைத் தூக்கியதில்லை.

சில நாள் கழித்து, காலையில் போய்ப் பார்த்தேன். எல்லாக் கன்றுகளும் நுனியை நிமிர்த்தி வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கைகழுவிக்கொண்டு உள்ளே போனேன். "புள்ளய குடு" என்றேன்.

அவன் தலையும் தானாக நிற்கும். அதுவரைக்கும் அடியில் என் கை இருந்தால் போதும்.