பேனா மூடியின் சத்தம்

டியூஷன் டீச்சர் யாரையும் திட்டியதில்லை, சலித்துக்கொண்டதும் இல்லை. கணக்கு தப்பும் இடத்தில் பேனா மூடியால் மேசையில் ஒரு தட்டு தட்டுவாள், அவ்வளவுதான். அதைப் பொறுமை என்று பதினொரு வருடமாக நம்பியிருந்தாள்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி, டீச்சரைவிட ஏழு வயது மூத்தவள் என்பதால் அவளுக்கு அக்கா. செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கான தேர்வுக்கு டீச்சரிடம் கணக்குப் படிக்க வந்தாள். புத்தகத்தைத் திறந்தாலே வீட்டுக்காரர், "புரொஃபசரம்மா, காபி உண்டா இல்ல விடுமுறையா?" என்பாராம். டியூஷனில் எல்லாம் சரியாகப் போட்ட அக்கா, தேர்வில் நூற்றுக்குப் பதினெட்டு வாங்கினாள்.

"இங்க மளமளன்னு போட்டீங்களே, அங்க என்னக்கா ஆச்சு?"

"அங்க யாரும் மூடியைத் தட்டலையே டீச்சர்!" அக்கா சிரித்தாள். "நீங்க தட்டுனா அழிப்பேன். தட்டலைன்னா அடுத்த வரிக்குப் போவேன். அங்க எல்லா வரியும் சரி மாதிரியே இருந்துச்சு."

டீச்சருக்குச் சுருக்கென்றது. இங்கே சூரப்புலிகளாக இருந்து பள்ளியில் கோட்டை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! கவனம் போதாது என்று அவர்கள் அம்மாக்களிடம் சொல்லி அனுப்பியதும் அவள்தான். அவர்கள் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள், அவள் கைமேல்.

வயது வரம்புப்படி அக்கா இன்னும் ஒரே ஒரு முறைதான் தேர்வு எழுத முடியும். டீச்சர் மூடியை எடுத்து டிராயருக்குள் போட்டாள்.

தேர்வுக்கு முந்தைய நாள், பத்தால் வகுக்க வேண்டிய மருந்தளவை அக்கா பத்தால் பெருக்கிவிட்டு நிமிர்ந்தாள். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"சரியா டீச்சர்?"

"நீங்களே சொல்லுங்க."

அக்கா அழித்தாள். அதையே திரும்ப எழுதினாள். மறுபடி அழித்தாள். தாள் கிழிந்தது.

"எம்மேல கோவமா டீச்சர்? உங்க பேரைக் கெடுத்துட்டேன்னுதானே மூஞ்சிய திருப்பிக்கிறீங்க?" குரல் உடைந்தது.

டீச்சரின் விரல் நகம் மேசையில் ஒருமுறை தட்டியது.

அக்காவின் முகம் மலர்ந்தது. சரசரவென்று திருத்தினாள். "பாத்தீங்களா, வந்துடுச்சு! நாளைக்குப் பயமே இல்ல."

"ஆமாக்கா, வந்துடுச்சு" என்றாள் டீச்சர்.