நான்கு பெட்டிகளும் ஒரு சாய்ந்த தலையும்

எங்கள் மருத்துவமனையில் என் அக்காவுக்கு நம்பர் மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, சொல்லும் தைரியம் எனக்கு மட்டும்தான். நானும் அங்கேதான் கீழ்த்தளத்தில் பல் டாக்டராக இருக்கிறேன். அக்காவின் கணக்கில் பல் டாக்டர் எல்லாம் டாக்டரே இல்லை.

அவள் ஸ்கேன் படம் பார்க்கும் டாக்டர். குளிரூட்டிய இருட்டறையில் உட்கார்ந்து ஊரார் தலைக்குள் நடப்பதை எல்லாம் திரையில் பார்ப்பாள். அதிலும் மூளைத்தண்டில் ரத்தம் கசிந்த கேஸ் என்றால் அவளைக் கேட்காமல் ஒன்றும் அசையாது. மூளைத்தண்டு கட்டைவிரல் பருமன்தான். ஆனால் மூச்சு, விழுங்குவது, விழித்திருப்பது எல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் போய்வர வேண்டும். அங்கே கசிந்த ரத்தத்தை அக்கா நான்கு பெட்டிகளாகப் பிரிப்பாள். ஒரு ஓரமாகச் சின்னக் கசிவு என்றால் ஒன்று. ஒரே பக்கத்தில் முன்னும் பின்னும் பரவியிருந்தால் இரண்டு. நடுக்கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் போய்விட்டால் மூன்று. மொத்தமாக நிரம்பியிருந்தால் நான்கு. ஒன்றும் இரண்டும் பெரும்பாலும் வீட்டுக்குப் போகும். மூன்றும் நான்கும் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலும் இதே பிழைப்புதான். என் கணவரைப் பார்த்த முதல் நாளே "ரெண்டு, தேறிடுவாரு" என்றாள். தன் மாமியாரை எந்தப் பெட்டியில் போட்டிருந்தாள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாதவரை குடும்பம் நன்றாகத்தான் நடந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் பெரியவரை நாங்கள் குழாய் டாக்டர் என்போம். மூச்சு இயந்திரத்தின் குழாயை யாருக்குப் போடுவது என்று முடிவு செய்பவர் அவர். இயந்திரங்கள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். அதனால் அவர் போனில் கேட்பது ஒரே கேள்வி: "என்ன நம்பர், மேடம்?" அக்கா மூன்று அல்லது நான்கு என்றால் குழாய் கிடையாது. படத்தில் பெயர் வரும் மூலையில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி மறைத்துவிட்டுத்தான் அக்கா நம்பர் சொல்வாள். ஆள் யாரென்று தெரிந்தால் கண் கோணிவிடுமாம். "என் நம்பர் தப்பினதே இல்ல" என்று வேறு மார்தட்டுவாள்.

ஒரு நாள் காலை அண்ணி எனக்குப் போன் செய்தாள். அண்ணன் எங்கள் இருவருக்கும் மூத்தவன், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பாடம் நடக்கும்போதே தலை சுற்றி, வாந்தி எடுத்து, தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தியிருக்கிறான். அந்த நிலையிலும் ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், "இண்டிகேட்டர் போடும்மா" என்றானாம். அதன்பிறகு பேச்சில்லை. "உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்திருக்கு. மூணுன்னு ஏதோ சொல்றாங்க. மூணுன்னா என்னம்மா?" என்றாள்.

மூன்றென்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பல் பிடுங்க உட்கார்ந்திருந்தவரைத் திறந்த வாயோடு உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு இருட்டறைக்கு ஓடினேன்.

"இப்ப மூணுன்னு யாருக்குச் சொன்ன?"

"யாருக்கோ. எனக்கெப்படித் தெரியும்?"

நானே கையை நீட்டிப் பிளாஸ்திரியை உரித்தேன். அண்ணன் பெயர். அக்கா பெயரைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து இன்னும் கிட்டே போனாள்.

"தலை சாஞ்சிருக்குடி."

எங்கள் இயந்திரம் அரதப் பழசு. தலையைத் தடித்த ரொட்டித் துண்டுகளாகத்தான் வெட்டிக் காட்டும். வாந்தி எடுத்துத் துவண்ட கழுத்தோடு அவனை அவசரமாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். கத்தி கோணலாக விழுந்தால் ஒரு பக்கத்து ரத்தம் நடுக்கோட்டைத் தாண்டியதுபோலத் தெரியுமாம். படத்தின் வலப்பக்கம் காதெலும்பு இருந்தது, இடப்பக்கம் இல்லை; தலை நேராக இருந்தால் இரண்டு பக்கமும் தெரிந்திருக்கும். எவருடைய கண்ணிலும் படக்கூடியதுதான். நடுக்கோட்டை மட்டும் பார்த்துப் பழகிய அவள் கண்ணில் படவில்லை.

இருவரும் மேலே ஓடினோம். அண்ணன் அரை மூச்சில் கிடந்தான். அண்ணி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். குழாய் டாக்டர் அக்கா சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் தலை சாஞ்சுதா, மேடம்?"

அவர்மேல் எனக்குக் கொலைவெறி வந்தது. ஆனால் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

அக்கா, "நேரா வெச்சு இன்னொரு படம் எடுங்க சார். நான் பாக்கல. வேற யாராவது பாத்துச் சொல்லட்டும்" என்றாள்.

"அதுவரைக்கும் இவரு மூச்சு தாங்கணுமே."

"அப்ப முதல்ல குழாயப் போடுங்க சார்! நம்பர அப்புறம் தேடிக்கலாம்!" என்று நான் கத்தினேன். பல் டாக்டரின் குரல் அந்தத் தளத்தில் அவ்வளவு உரக்கக் கேட்டது அதுவே முதல் தடவை. என் வாயை மூடவோ என்னவோ, அவர் குழாயைப் போட்டார்.

இரண்டாவது படத்தை வேறொரு டாக்டர் பார்த்தார். நம்பர் இரண்டு.

அண்ணன் பிழைத்தான். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, பார்ப்பதெல்லாம் இரட்டையாகத் தெரிந்தது. பேச்சு திரும்பியதும் எங்களைப் பார்த்து, "தங்கச்சிங்க ரெண்டு ரெண்டா நிக்கிறீங்க. இருக்கிறதத் தாங்குறதே பெரும்பாடு" என்றான். அண்ணி நடந்ததை எல்லாம் அவனிடம் கொட்டியிருந்தாள். அக்காவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான்.

"இதுவரைக்கும் நீ மூணு, நாலுன்னு சொன்னவங்க யாருக்காவது குழாய் போட்டிருக்காங்களா?"

"இல்லண்ணா."

"அப்புறம் உன் நம்பர் தப்புமா?"

கேலியாகத்தான் கேட்டான். அக்கா எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அவளைக் கிண்டல் செய்ய வாழ்நாளெல்லாம் காத்திருந்த எனக்கு அன்றைக்குப் பாவமாகத்தான் இருந்தது.

சில நாள் கழித்து இருட்டறையில் அவளோடு இருந்தேன். போன் அடித்தது. "நாலு" என்றாள் அக்கா. "ஆனா குழாய் போடுங்க சார். இயந்திரம் ஒண்ணு காலியா இருக்குன்னு கேட்டு வெச்சிருக்கேன்."

"நாலு நம்பருக்கா? பொழைப்பாரா மேடம்?" குழாய் டாக்டரின் குரல் போனுக்கு வெளியே கேட்டது.

"தெரியாது. போட்டாத்தான தெரியும்."

அந்த மனிதர் பிழைக்கவில்லை. நேரான தலை, சரியான படம், சரியான நம்பர். அக்கா இருட்டறையை விட்டு எழுந்து மேலே அவர் வீட்டாரைப் பார்க்கப் போனாள். அதுவரை எந்த வீட்டாரையும் அவள் பார்த்ததில்லை. நான் துணைக்குப் போனேன். அவருடைய மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சீங்கல்ல, டாக்டரம்மா?"

"செஞ்சோம்மா. எல்லாம் செஞ்சோம்."

அந்தப் பெண் தலையசைத்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். படியிறங்கும்போது அக்கா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கு முன்னாடி யாராவது இப்படிக் கேட்டிருந்தா, என்னடி சொல்லியிருப்பேன்?"