கடைசிப் பேர்

என் மேசை டிராயரில் போன வாரம்வரை ஓர் அடையாள அட்டை கிடந்தது. நீல நாடா, பிளாஸ்டிக் உறை, உள்ளே பளபளவென்று ஒரு தாள். மேலே 'நூலகப் பணியாளர் தொழில்நுட்பப் பயிற்சியும் தொடர்பு வளர்ப்புச் சந்திப்பும்' என்று வண்ணத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். கீழே இரண்டு வரி. முதல் வரியில் என் பெயர். இரண்டாவதில் 'கடைசிப் பெயர்' என்று போட்டு, எதிரே வெறும் கோடு. அந்தக் கோட்டை நான் நிரப்பவில்லை. ரப்பர் ஸ்டாம்பு தேடி டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அது கையில் தட்டுப்படும். அன்றைக்கு முழுக்க யாரிடமாவது எரிந்து விழுவேன். தூக்கிப் போட வேண்டியதுதானே என்பார் வீட்டுக்காரர். தூக்கிப் போட்டால் மறந்துவிடும். மறக்கக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன்.

நான் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகர். பக்கத்து ஊரில் ஊர்ப்புற நூலகராக ஓர் அக்கா இருந்தார். வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். வயதில் மூத்த ஆண்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். காலனியில் பிறந்தவர். தாயும் தகப்பனும் நாற்று நட்டும் மண் சுமந்தும் படிக்க வைத்தார்கள். அதே ஊர் நூலகத்துக்கே சாவி வாங்கி வந்து உட்கார்ந்தார். நூலகம் இருந்தது ஊர்த்தெருவில். காலனிப் பிள்ளைகள் வாசல்வரை வந்து, தங்கள் காலையே பார்த்துக்கொண்டு நிற்குமாம். "இன்னாத்துக்குடா அங்கியே நின்னுக்கினு கீறீங்க? உள்ள வாங்க, ஃபேன் கீது" என்று அக்கா போட்ட சத்தத்தில்தான் அந்தப் பிள்ளைகள் படி ஏறின.

ஊர்க்காரர்கள் பேப்பர் படிக்க வருவார்கள். பேப்பருக்கு மேலாகக் கண்ணை உயர்த்தி, மூலையில் படக்கதை பார்க்கிற பையனைக் காட்டி, "இவன் யாரு வூட்டுப் புள்ளம்மா?" என்பார்கள். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். என்ன ஆளுங்க என்று நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அக்கா, கிழிந்த அட்டைக்குப் பசை தடவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் பதில் சொல்வார்: "வாசகருங்க." மறுபடி கேட்டாலும் அதேதான். கேட்டவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அந்தப் பயிற்சிக்கு அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். காஞ்சிபுரம் போகிற சாலையில் ஒரு கல்லூரி. ஏசி ஹால், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். தொடங்கி வைத்தவர் வழக்கம்போல உத்திரமேரூர்க் கல்வெட்டை இழுத்தார். எங்கள் பக்கம் மைக் பிடிக்கிற எவருக்கும் அது இல்லாமல் பேச்சு வராது. குடவோலை கண்ட மண்ணில் இனி ஒவ்வொரு வாசகரும் விரல் நுனியில் என்று என்னவோ சொன்னார். கைதட்டினோம். அக்கா எல்லோரையும்விட பலமாகத் தட்டினார். எந்த ஊர் நூலகத்தில் இருக்கிற புத்தகத்தையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தேடலாம் என்றதும் என் கையைப் பிடித்து அழுத்தினார். "பாத்தியா, இனிமே நம்ம புள்ளைங்க ஒரு புஸ்தகத்துக்காக பஸ்ஸுக்குக் காத்துக்கினு கெடக்க வேணாம்" என்றார்.

பிறகு உறுப்பினர் பதியும் திரையைக் காட்டினார்கள். பெயர், அடுத்து 'கடைசிப் பெயர்', அதன் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. நாங்களோ இனிஷியல்காரர்கள். அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால், நம் பெயர் பின்னால், அத்தோடு முடிந்தது. அதற்கும் பின்னால் என்ன வரும்? ஒருவர் ஊர்ப் பெயரைப் போட்டார். ஒரு பெண் புருஷன் பெயரைப் போட்டாள். எனக்கு முன்னால் இருந்தவர், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் வருவது படிப்புதானே என்று, 'பி.ஏ., பி.எல்.ஐ.எஸ்.' எனப் புள்ளி வைத்துத் தட்டினார். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பயிற்சி கொடுத்தவர் நகரத்திலிருந்து கம்பெனி அனுப்பிய இளைஞர். "குடும்பப் பட்டம் சார். மத்த ஸ்டேட்ல எல்லாருக்கும் இருக்கு. உங்க தாத்தா பேருக்குப் பின்னாடி என்ன போடுவாங்களோ, அது" என்று பொறுமையாக விளக்கினார். சிரிப்பு நின்றுபோயிற்று. முன்வரிசையில் சிலர் முதுகை நிமிர்த்திக்கொண்டு டக்டக்கென்று தட்டினார்கள். தாத்தாவோடு ஒழிந்தது என்று நாங்கள் நினைத்திருந்த வால், பெரிய திரையில் ஒவ்வொன்றாக முளைத்தது. அவர்கள் முகத்தில்தான் எத்தனை பூரிப்பு! அப்புறம் அந்த இளைஞர் அக்காவிடம் வந்து, "மேடம், உங்களோடது?" என்றார். அத்தனை கழுத்தும் திரும்பியது. பதில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவர் வாயிலிருந்து கேட்பதற்காகக் காத்திருந்தார்கள்.

அக்கா எழுந்து நின்றார். "சார், எங்க ஊர்ல யாரு வூட்டுப் புள்ளன்னு கேப்பாங்க. நீங்க கடைசிப் பேருன்னு கேக்குறீங்க. ரெண்டும் ஒண்ணுதான். புஸ்தகம் எடுக்க வர்ற புள்ளகிட்ட நான் அத கேக்க மாட்டேன். அந்த ஸ்டாரை எடுத்துடுங்க."

"நான் கேக்கல மேடம். சிஸ்டம் கேக்குது."

சிஸ்டம் கேட்கிறதாம்! சிஸ்டம் என்ன வானத்திலிருந்து குதித்ததா? எவனோ ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து செய்ததுதானே? நானும் எழுந்து, அந்தக் கட்டத்தைக் காலியாக விட வழி செய்யுங்கள் என்றேன். மேடையில் இருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "ஏம்மா, இதப் போய் பெருசு பண்றீங்க? சாப்பாட்டு டைம் ஆச்சு" என்றார்.

அந்தச் சாப்பாட்டுக்குத்தான் தொடர்பு வளர்க்கும் நேரம் என்று பெயர். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்களோடு பேசிப் பழக வேண்டுமாம், நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அக்காவிடம் பேச ஒருவரும் வரவில்லை. கை கழுவுகிற இடத்தில் மட்டும் ஒவ்வொருவராக வந்து, குழாயைத் திறந்துவிட்டு, "கரெக்டா கேட்டீங்கக்கா" என்று முணுமுணுத்துவிட்டு நழுவினார்கள். தண்ணீர்ச் சத்தம் இருந்தால்தான் தைரியம் வரும் ஜென்மங்கள். அக்கா நிதானமாகச் சாப்பிட்டார். "எதுனா எழுதுன்னுதான அந்த ஸ்டாரு சொல்லுது? இன்னா எழுதணும்னு சொல்லல இல்ல?" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் தன் வாசகர்கள் அத்தனை பேரையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஊர்த்தெரு, காலனி, டீச்சர், களை எடுக்கிறவர், எல்லோருக்கும் கடைசிப் பெயர் ஒன்றே: வாசகர். சிஸ்டம் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது. கார்டுகள் அச்சாகி வந்தன. பெரிய வீட்டுக்காரர் ஒருவருக்குத் தாங்கவில்லை. "எங்க பட்டம் எங்கம்மா? எங்களையும் அவனுங்களையும் ஒரே பேர்ல ஏத்திக்கினு கீற?" என்று நூலகத்துக்கே வந்து கத்தியிருக்கிறார். "உங்க பட்டத்துக்கு இங்க ஒண்ணும் கெடைக்காதுங்க. இந்தப் பட்டத்துக்குத்தான் புஸ்தகம் கெடைக்கும்" என்றிருக்கிறார் அக்கா.

அந்த ஆள் மேலே எழுதிப் போட்டார். மேலேயிருந்து அக்காவுக்கு மெமோ வந்தது. பொருள்: தரவுப் பிழை. சாதியைப் போட்டவனுடைய தரவு சரியாம். போடாதவளுடைய தரவு பிழையாம். அவருடைய பாஸ்வேர்டைப் பிடுங்கினார்கள். பிள்ளைகளின் கார்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவரைப் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊருக்கு மாற்றினார்கள். அங்கே கம்ப்யூட்டரே கிடையாது. கிடையாது என்பதால்தான் அங்கே. நான் போனில் அழுதபோது, "ச்சீ, இன்னாத்துக்கு அழுவுற? கம்ப்யூட்டர் இல்லாத எடத்துல ஸ்டாரும் இல்ல, போ" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கம்ப்யூட்டர்மேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று என் கைக்குத் தெரியும்.

அக்கா இருந்த நூலகம் இப்போது பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிறது. போன வாரம் அந்த ஊரிலிருந்து ஒரு சிறுமி பஸ் ஏறி என் நூலகத்துக்கு வந்தாள். பழைய கார்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், புதிதாகப் போட வேண்டும் என்றாள். பெயரைத் தட்டினேன். அடுத்த கட்டத்தில் நட்சத்திரம் அதே சிவப்பில் நின்றது. அந்த இடத்தில் நான் வழக்கமாக அப்பா பெயரைப் போட்டுச் சமாளிப்பேன். "அப்பா பேரு இன்னாம்மா?" என்றேன்.

அவள் எட்டித் திரையைப் பார்த்தாள். "அது அப்பா பேரு போடுற எடம் இல்ல மேடம். அங்க வாசகர்னு போடுங்க. அதான் எங்க கடைசிப் பேரு."

"யாரு சொன்னது?"

"சொல்றதுக்கு இன்னா மேடம் கீது? எங்க ஊர்ல எல்லாருக்கும் அதான்."

தட்டினேன். சிஸ்டம் வாங்கிக்கொண்டது. அவள் புத்தகத்தோடு பஸ்ஸுக்கு ஓடிய பிறகு டிராயரைத் திறந்து அந்த அட்டையை எடுத்தேன். இத்தனை நாள் வெறுமையாகக் கிடந்த கோட்டின்மேல், பேனாவை அழுத்தி, என் கடைசிப் பெயரை எழுதினேன். நீல நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது தினமும் மாட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன். மெமோ கொடுக்கிறவர்கள் வந்து கொடுக்கட்டும்.