பெர்பெத்துவாவுக்கு வயிறு சரியில்லை

மாகாண அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள். தட்டு நிறையப் பான்சித் நூடுல்ஸ் வருகிறது. தணிக்கை அதிகாரி பெர்பெத்துவா டும்லாவ் தன் டப்பாவைத் திறந்து, கருவாட்டைப் பிய்த்துச் சோற்றில் போட்டுக்கொண்டிருக்கிறார். "எனக்கு வேணாம்மா, வயிறு சரியில்ல," என்கிறார். மூன்று வருடமாக அவருக்கு வயிறு சரியில்லை.

மணிலாவிலிருந்து அனுப்பப்பட்டவர். அரசாங்கம் செய்ததாகச் சொல்லும் எதையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். பாலம் என்றால் நடந்து பார்ப்பார். பள்ளிக்கூடக் குழாய் என்றால் திறந்து ஒரு வாய் குடிப்பார். ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்கச் சொல்லி யாராவது கைக்குழந்தையோடு வந்தால், குழந்தையிடமே சொல்லிவிடுவார்: "நாளைக்கு உங்கப்பா எழுதின காகிதம் என் மேசைக்குத்தான் வரும், கண்ணு." குழந்தையைக் கையில் வாங்க மாட்டார்.

பொறியியல் பிரிவு டெல்ஃபின் ஒருவரோடுதான் பேச்சு. மாலை ஐந்துக்குமேல் வராந்தாவில் இருவரும் பலகை வைத்து டாமா என்ற காய் ஆட்டம் ஆடுவார்கள்.

"தோத்துக்கிட்டே இருக்கீங்களே மேடம், அலுக்கலையா?"

"தோத்தா என்ன? நாளைக்கும் வருவீங்க இல்ல?"

மழைக்காலத்துக்கு முன் பெர்பெத்துவா படகேறி ஒரு தீவுக்குப் போனார். புயலுக்கு ஒதுங்க அங்கே ஒரு கூடம் கட்டி முடித்தாயிற்று என்றது சான்றிதழ். நின்றதோ நாலு தூண். ஒன்றில் ஆடு கட்டியிருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

"புயல் வந்தா எங்க போவீங்க?" என்று ஆட்டுக்காரியைக் கேட்டார்.

"போன தடவ மாதா கோயிலுக்குப் போனோம். இப்ப அதுக்கும் கூரை இல்ல."

சான்றிதழின் அடியில் இருந்தது டெல்ஃபினின் கையெழுத்து.

மறுநாள் மாலை டெல்ஃபின் பலகையை விரிக்கவில்லை. "மேல இருந்து போடச் சொன்னாங்க மேடம். நீங்க எடுத்த படத்த மட்டும் சேர்க்காதீங்க. அடுத்த மாசம் கட்டிருவாங்க."

"அடுத்த மாசம் புயல், டெல்ஃபின்."

டெல்ஃபின் பலகையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பெர்பெத்துவா உள்ளே போய் அறிக்கையில் படத்தை ஒட்டினார். பொறுப்பானவர்கள் வரிசையில் டெல்ஃபினின் பெயரையும் முழுதாக எழுதினார். அதன்பிறகு மாலைகளில் வராந்தா காலியாகவே கிடந்தது.

தீவுக்குச் சிமெண்ட் ஏற்றிய முதல் படகு புறப்பட்ட வாரம், விளக்கம் கேட்டுத் தன் பெயருக்கு வந்த நோட்டீஸைப் பெற்றுக்கொள்ள டெல்ஃபின் வந்தார். உட்காரவில்லை.

"எங்க போடணும்?"

பெர்பெத்துவா இடத்தைக் காட்டினார். மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பிக்கொண்டே இருந்தது. பெர்பெத்துவா இரண்டு விரலால் அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்தார். டெல்ஃபின் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிய பிறகும் விரலை எடுக்கவில்லை.